எல்லாரும் ‘பாவம்’ என்கிறார்கள், அதோடு சரி: ஒரு வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் செல்வி என்ற 43 வயதுப் பெண்ணைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். ஏறக்குறைய 3,200 சொற்கள். கணவன் குடித்தே செத்துவிட்டான். மாமியார் கரித்துக்கொட்டுகிறாள். கண் பார்வை மங்கிவருகிறது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டுகிறான். கடைசியில் வேலையும் போய், பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுகிறாள். படித்த நண்பர்கள் எல்லாரும் ‘பாவம்’ என்றார்கள், உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்துவிட்டது. இன்னும் என்ன கஷ்டத்தைச் சேர்த்தால் வாசகர் அவளோடு ஒன்றுவார்? சூப்பர்வைசரை முழுக் கெட்டவனாகவே விட்டுவிடலாமா? ‘நான்’ என்று தன்மையில் மாற்றி எழுதினால் சரியாகுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கதையையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. பொதுவாக எதையாவது சொல்லிக்கொண்டிருக்காமல் உங்கள் பக்கங்களை வைத்தே பேசலாம்.

கஷ்டம் எதையும் சேர்க்காதீர்கள். இருப்பதே அதிகம். செல்விக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து துன்பங்கள் வருகின்றன, ஐந்தையும் அவள் வாங்கிக்கொள்கிறாள். ஒரு பென்சிலை எடுத்து, முதல் நான்கு பக்கங்களில் செல்வியை எழுவாயாகக் கொண்ட வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். கேட்டாள், பொறுத்துக்கொண்டாள், குனிந்தாள், நினைத்தாள், அழுதாள், மறுபடி அழுதாள். எதையாவது அடைய முயன்றாள், எதையாவது மறைத்தாள், யாரிடமாவது பொய் சொன்னாள் என்று ஒரு வினைகூட இல்லை. அடிபடுகிறவரைப் பார்த்து வாசகர் இரக்கப்படுவார், ஆனால் தள்ளி நின்றுதான் இரக்கப்படுவார். ஒருவருக்கு வேண்டியது நமக்கும் வேண்டும் என்று ஆகிற இடத்தில்தான் அவர் பக்கத்தில் போய் நிற்கிறோம். செல்விக்கு என்ன வேண்டும் என்று உங்கள் கதை இதுவரை சொல்லவில்லை.

சொல்லவில்லையே தவிர, வைத்திருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: கறுப்புத் துணியில் ஓட்டை தெரியாமல் அவள் விரலால் தடவிப் பார்க்கிறாள். முழுக்கதையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் வருகிற வெள்ளெழுத்து, கண்ணால் பார்ப்பதே வேலையாக இருக்கும் ஒருத்திக்கு வந்திருக்கிறது. அவளுக்கு வேண்டியது, தனக்குத் தெரியவில்லை என்பது யாருக்கும் தெரியக்கூடாது. இது சின்ன ஆசை, கையால் தொடக்கூடிய ஆசை. ‘நிம்மதியாக வாழ வேண்டும்’, ‘மகளைப் படிக்கவைக்க வேண்டும்’ போன்ற பெரிய ஆசைகளை ஒரு காட்சிக்குள் நடத்திக்காட்ட முடியாது. ‘இந்தக் கட்டு முடிகிறவரை சூப்பர்வைசர் இந்தப் பக்கம் வரக்கூடாது’ என்பதைக் காட்ட முடியும். அதை முதல் 150 சொற்களுக்குள் கொண்டுவாருங்கள். ஒரு கெடுவும் கொடுங்கள்: திங்கட்கிழமை கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும், சனிக்கிழமை ஒன்றரை ஷிஃப்ட், வந்திருக்கும் ஆர்டர் முழுக்கக் கறுப்பு.

இங்கே ஓர் ஓட்டையை அடைத்தாக வேண்டும். கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன என்று வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே கேட்டுவிடுவார். வெள்ளெழுத்துக் கண்ணாடி தெருவோரக் கடையில்கூடக் கிடைக்கும். கதாபாத்திரத்திடமிருந்து வாசகர் விலகிப் போவதற்கு, நான் பார்க்கிற கையெழுத்துப் பிரதிகளில், இதுதான் மிகப் பெரிய காரணம். துன்பத்துக்கு எளிய வழி ஒன்று கண்ணெதிரே இருக்கும், கதாபாத்திரம் மட்டும் அதைப் பார்க்காமல் துன்பப்பட்டுக்கொண்டிருக்கும். அப்போது ஆசிரியர் அவளைப் பிடித்துவைத்திருப்பது தெரிந்துவிடும். ஆகவே வழியை நீங்களே முதலில் காட்டி, நீங்களே அடைத்துவிடுங்கள். செல்வி கண்ணாடி போட்டு வருகிற அன்றைக்கே ‘அப்போ இத்தன நாளா தெரியாமத்தான் பாத்தியா?’ என்ற கேள்வி வரும். போன மாதம் திரும்பிவந்த பீஸ்கள் யார் மேசையிலிருந்து போனவை என்று தேடுவார்கள். கண்ணாடி அவளுக்கு ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும். இது புரிந்ததும் வாசகரின் கேள்வி மாறிவிடுகிறது. ‘ஏன் வாங்கவில்லை?’ என்பது போய், ‘இனி என்ன செய்வாள்?’ என்று வருகிறது.

அடுத்தது, அவள் வேலையை அவள் நன்றாகச் செய்வதைக் காட்டுங்கள். உங்கள் பிரதியில் ‘செக்கிங் வேலை பார்த்தாள்’ என்பதோடு சரி. ஒருவர் கைத்திறனோடு செய்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் மதிப்பு தானாக வரும். மதிப்பு வந்துவிட்டால் அந்த ஆளை இழக்க மனம் ஒப்பாது. பீஸை மேசையில் விரிப்பது, கழுத்து ரிப்பிலிருந்து தோள் தையலுக்குப் போவது, கை மடிப்பு, பக்கத் தையல், அடி மடிப்பு, பிறகு திருப்பிப் பின்பக்கம், உள்பக்கம், குறை கண்ட இடத்தில் ஸ்டிக்கர். எந்த வரிசையில் பார்க்கிறாள், எந்த இடத்தில் தையல் விட்டுப்போயிருக்கும் என்று பார்ப்பதற்கு முன்பே அவளுக்கு எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் 120 சொல்லில் வரட்டும். இதைப் படித்த வாசகருக்குப் பிறகு ‘கண் மங்கிவிட்டது’ என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. வழக்கமான வரிசையில் ஓரிடத்தில் கை நின்று தடவினால் போதும், அவரே கண்டுபிடித்துவிடுவார். ஓட்டையை விரல் கண்டுபிடிக்கும், எண்ணெய்க் கறையைக் கண்டுபிடிக்காது என்பதும் அவருக்குத் தானாகவே உறைக்கும்.

அவரே கண்டுபிடிப்பது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையைத் திரும்பப் படியுங்கள். 1970இன் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தொகுப்புக்குத் தலைப்பைத் தந்த கதை அது. கதை சொல்கிறவர் குழந்தைகள் மேல் உயிராக இருக்கிற ஒரு மனிதர். அவரைச் சுற்றியிருக்கும் குழந்தைகளில் சாரங்கன் என்ற பையனுக்கு மட்டும் ஒரு குறை இருப்பது அவர் கண்ணில் சரியாகப் படுவதில்லை. கடைசியில் பையன் தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அந்தப் பையன் மனதுக்குள் என்ன ஓடியது என்று ஒரு பத்திகூடக் கிடையாது. அவன் ஏங்கினான், வாடினான் என்று ஆசிரியர் தன் குரலில் எடுத்துச் சொல்லியிருந்தால் நாம் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். சொல்கிறவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடுவதால்தான், அவனுக்காக யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

உங்கள் கதையிலும் இதற்கு ஆள் தயாராக இருக்கிறாள். செக்கிங் முடிந்த பீஸ்களில் மிச்சப் பிசிரை வெட்டும் கவிதா. இப்போது அவள் ‘அக்கா, அழாதீங்க’ என்று சொல்வதற்கு மட்டும் வந்துபோகிறாள். அவளைச் செல்வியின் வேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவளாக மாற்றுங்கள். செல்வி விரலால் தடவுவதை அனுபவசாலியின் நுணுக்கம் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். தானும் கண்ணை மூடித் தடவிப் பழகட்டும். ‘இப்படித்தானுங்களாக்கா?’ என்று கேட்கட்டும். செல்வி ‘ஆமா கண்ணு’ என்று சொல்லட்டும். அந்த ‘ஆமா’வில் வாசகர் இரண்டு பேர் பக்கமும் ஒரே சமயத்தில் நின்றுவிடுவார்.

இப்போது கதையின் நடுப்பகுதி. தப்பிப்போன ஓர் ஓட்டை கம்பெனிக்குள்ளேயே பிடிபடுகிறது. பீஸ் செல்வியிடமிருந்து கவிதாவிடம் போய் அதற்குப் பிறகுதான் பேக்கிங்குக்குப் போனது, ஆகவே கத்தரி பட்டிருக்கும் என்று சூப்பர்வைசர் கவிதாவைப் பிடிக்கிறான். செல்வி வாயைத் திறக்கவில்லை. உங்கள் பிரதியில் செல்வி ஒரு தப்பும் செய்வதில்லை. அதனால்தான் அவள் மனிதப் பிறவியாகத் தெரியவில்லை. தப்பு செய்கிற ஆளோடு வாசகரை நிறுத்துவது முடியாத காரியம் என்று பலர் பயப்படுகிறார்கள். வரிசையைச் சரியாக வைத்தால் முடியும். நெருக்கடி முதலில் வர வேண்டும், தப்பு பிறகு வர வேண்டும். கம்பெனியில் வாங்கிய முன்பணம் இன்னும் கழியவில்லை, வீட்டில் வேறு சம்பளம் இல்லை என்பதெல்லாம் அந்த மௌனத்துக்கு முன்பே வாசகருக்குத் தெரிந்திருந்தால், அவள் வாய் திறக்காத அந்த நொடியில் அவருக்கும் தொண்டை வறளும். அதே செய்திகளை மௌனத்துக்குப் பிறகு சொன்னால் அது வக்காலத்து. எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் எடுபடாது. இன்னொன்று, செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு அவள் ஏதாவது ஒரு விலை கொடுக்கவும் வேண்டும். தெரியாமல் செய்தாள் என்று நழுவிவிடாதீர்கள்.

அந்த நொடியை எழுதுவதைப் பற்றி. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1892 மார்ச்சில் லிடியா அவிலோவா என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் ஓர் அறிவுரை சொல்கிறார். துயரப்படுகிறவர்களைக் காட்டி வாசகரை இரங்கவைக்க வேண்டுமானால் கொஞ்சம் குளிர்ந்த மனத்தோடு எழுதுங்கள், அந்தக் குளிர்ச்சியின் பின்னணியில்தான் துயரம் எடுப்பாகத் தெரியும் என்பது அதன் சாரம். உங்கள் பிரதியில் செல்வி ஏழு இடங்களில் அழுகிறாள். ‘கண்களில் நீர் கோத்தது’, ‘நெஞ்சு அடைத்தது’, ‘தொண்டை கம்மியது’, ‘இதயம் சுக்குநூறானது’ எல்லாம் இருக்கின்றன. ஏழையும் அடித்துவிட்டு, வேண்டுமானால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கதாபாத்திரம் அழுதுவிட்டால் வாசகருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது அவள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். கவிதா திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போது செல்வி எண்ணி முடித்த கட்டை மறுபடி எண்ணட்டும். பன்னிரண்டில் விட்டு, முதலிலிருந்து தொடங்கி, மறுபடி பன்னிரண்டில் விடட்டும். ‘குற்ற உணர்வு அவளைக் கொன்றது’ என்ற வரி அதற்குப் பிறகு தேவைப்படாது. எழுதியிருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

எந்தத் தூரத்திலிருந்து சொல்கிறோம் என்பது இதைவிட நுட்பமான விஷயம். உங்கள் முதல் வாக்கியம்: ‘செல்வி என்ற அந்த அபலைப் பெண் தன் விதியை நொந்தபடி மேசை முன் அமர்ந்தாள்.’ இது தெருக்கோடியிலிருந்து பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிடுகிற வாக்கியம். ‘கறுப்புத் துணியில் இனி எதுவும் தெரியப்போவதில்லை என்று செல்வி நினைத்தாள்’ என்றால் வாசல்வரை வந்துவிட்டோம். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அடுத்த கட்டும் கறுப்பு. இன்றைக்கென்று பார்த்து எல்லாம் கறுப்பாகவே வர வேண்டுமா? செல்வி மேசையை அரை அடி இழுத்து ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே போட்டுக்கொண்டாள்.’ ‘என்று நினைத்தாள்’ போய்விட்டது. நடுவில் வரும் கேள்வி ஆசிரியருடையது இல்லை, அவளுடைய சலிப்பு அப்படியே வந்திருக்கிறது. அதை அடுத்து உடனே ஒரு செயல். எல்லா வரியையும் இப்படி எழுதினால் மூச்சு முட்டும். காட்சியின் தொடக்கத்தில் இடமும் நேரமும் தெரிய இரண்டு மூன்று வாக்கியம் வெளியே நின்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். போனபின் அதே காட்சியில் சூப்பர்வைசர் மண்டைக்குள் தாவாதீர்கள். ஐந்தாம் பக்கத்தில் ஒரே பத்தியில் மூன்று பேர் மனதுக்குள் போய் வருகிறீர்கள். அங்கே யாரும் யார் பக்கத்திலும் நிற்க முடியாது.

உள்ளே போய்விட்டால் அங்கே ஓடும் மொழியும் அவளுடையதாக இருக்க வேண்டும். ‘வாழ்க்கை என்னும் சூறாவளியில் தான் ஒரு சருகு’ என்று செல்வி நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பகல் முழுக்க நின்று கால் கடுக்கிறவள் சருகைப் பற்றி நினைக்கமாட்டாள். கால் கடுப்பதைத்தான் நினைப்பாள்.

மரியாதை விகுதியையும் கவனியுங்கள். ‘முதலாளி வந்தார்’, ‘செல்வி வந்தாள்’, ‘கூட்டுகிற கிழவி வந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று விகுதிகளிலும் யாரை எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள் என்பது வெளிப்பட்டுவிடுகிறது, உங்களுக்கே தெரியாமல். செல்வியின் கண் வழியாகச் சொல்கிறீர்கள் என்றால் அவள் யாரை எப்படிச் சொல்வாளோ அப்படி வர வேண்டும். சூப்பர்வைசரிடம் வாய் ‘சரிங்க சார்’ என்கிறது, மனம் ‘இவனுக்கு வேற வேல இல்ல’ என்கிறது. அந்த வித்தியாசத்தை மட்டும் நான்கு இடங்களில் சரியாக வைத்தால் அவளுடைய ரோஷத்தைப் பற்றித் தனியாகப் பத்தி எழுத வேண்டாம். கூட்டுகிற கிழவியை அவள் ‘ஆத்தா’ என்பாள். ‘வந்தது’ என்பது அவள் வாயில் வராது.

சூப்பர்வைசரைக் கெட்டவனாகவே விடலாமா என்று கேட்டீர்கள். விட்டால் செல்விக்குத்தான் நஷ்டம். காரணமே இல்லாமல் கத்துகிறவனிடம் மாட்டிக்கொண்டவளுக்குத் துரதிர்ஷ்டம் மட்டும்தான் இருக்கிறது, பிரச்சினை இல்லை. அவன் பேச்சில் ஒரு நியாயம் இருந்தால்தான் அவளுக்கு இறுக்கம் கூடும். சரக்கை வாங்குகிற பையர் தரப்பு இன்ஸ்பெக்டர் வந்து பெட்டிகளிலிருந்து கைக்கு வந்ததைச் சில பீஸ்கள் உருவிப் பார்ப்பார். குறை, அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டினால் மொத்த லாட்டும் ஃபெயில். எல்லாப் பெட்டியையும் பிரித்து மறுபடி செக் செய்ய வேண்டும், கப்பல் தவறினால் பொருள் விமானத்தில் போகும், அந்தச் செலவு கம்பெனி தலையில் விடியும். மேலே இருப்பவர் அவனைக் கத்துவார், அவன் கீழே கத்துகிறான். இதை அவன் வாயாலேயே இரண்டு வரியில் சொல்லவையுங்கள். அவனுக்குச் சோக முன்கதை வேண்டாம், நோயாளிக் குழந்தை வேண்டாம். அவன் சொல்வது சரி என்று செல்விக்கே தெரிந்தால் போதும்.

முன்கதை என்றதும் செல்வியின் கணவனும் நினைவுக்கு வருகிறான். அவன் சாவுக்குத் தொடக்கத்திலேயே 400 சொல் செலவழித்திருக்கிறீர்கள். அறிமுகமே ஆகாத ஒருத்தியின் துக்கத்தை முதல் பக்கத்தில் கொடுத்தால் வாசகர் அதை எங்கே வைத்துக்கொள்வார்? கதையின் முதல் கால்பகுதி முடியும்வரை கடந்தகாலம் வேண்டாம். பிறகும், இப்போது நடப்பதை அழுத்துகிற இடத்தில் ஒன்றிரண்டு வாக்கியம் மட்டும். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவள் தவிக்கும் இடத்தில் ‘அவன் இருந்தபோதும் சனிக்கிழமை சம்பளம் அவளுடையதுதான்’ என்று ஒரு வரி வந்தால் 400 சொல்லும் அதற்குள் அடங்கிவிடும்.

மாமியாருக்கும் ஒரு வேலை கொடுங்கள். கிழவிக்குக் கண்ணாடி இருக்கும். எல்லாரும் தூங்கியபின் செல்வி அதைப் போட்டு ஒரு கறுப்புப் பாவாடையின் தையலைப் பார்க்கட்டும். கிழவி விழித்திருக்கட்டும், ஒன்றும் சொல்லாமல் இருக்கட்டும். மறுநாள் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடி இருக்கட்டும். பவர் சரியாக இருக்காது, பரவாயில்லை. அதன்பிறகு கிழவி எவ்வளவு வேண்டுமானாலும் கரித்துக்கொட்டலாம்.

ஏழாம் பக்கத்தில் ‘இப்படி எத்தனை ஆயிரம் செல்விகள் இந்த ஊரில்’ என்று தொடங்கும் பத்தியை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது வேலையைக் கெடுக்கிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெயரும் படமும் உள்ள ஒரே ஒரு சிறுமிக்காக உதவி கேட்டபோது மக்கள் கொடுத்த தொகை, பல லட்சம் பேரின் பசியைப் பற்றிய புள்ளிவிவரம் காட்டிக் கேட்டபோது கொடுத்ததைவிட அதிகம். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது, அவளை மட்டும் காட்டியபோது வந்ததைவிடத் தொகை குறைந்துபோனது. நன்கொடைக்கும் கதைக்கும் வேறுபாடு உண்டுதான். ஆனாலும் ஒருத்தியைக் கூட்டத்தோடு சேர்த்த நிமிடம் பிடி தளர்வதை எந்தப் பிரதியிலும் பார்க்கலாம். செல்வி ஒருத்திதான். மற்றவர்களை வாசகர் தானே நினைத்துக்கொள்வார்.

திருத்தி எழுதியபின் அதே நண்பர்களிடம் கொடுக்காதீர்கள், புதிதாக மூன்று பேரிடம் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்க வேண்டாம். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் அடுத்து என்ன ஆகுமோ என்று பயந்தீர்கள்? எந்த இடத்தில் அவள் மேல் கோபம் வந்தது? அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டால் அவளுக்கு என்ன வேண்டும் என்பது இன்னும் தெளிவாகவில்லை. இரண்டாவதற்கு வராவிட்டால் அவளை இன்னும் புனிதவதியாகவே வைத்திருக்கிறீர்கள். மூன்றாவதற்கு உடனே பதில் சொல்லிவிட்டால் அவளுக்கு எளிய வழி ஒன்றைத் திறந்தே விட்டிருக்கிறீர்கள், போய் அடைத்துவிடுங்கள். யோசித்து, தயங்கி, ‘தெரியலையே’ என்றால் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

பஸ் ஸ்டாப் அழுகை வேண்டியதில்லை. வேலை போன கவிதாவின் இடத்துக்குப் புதுப் பெண் வந்து உட்கார்ந்து, செல்வி தடவுவதைப் பார்க்கத் தொடங்கும் இடம்வரை போனால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவு உங்களுடையது.

கடைசியாக, தன்மை. இப்போதிருக்கும் பிரதியில் ‘அவள்’ எல்லாவற்றையும் ‘நான்’ ஆக்கினால் ‘பாவம் அவள்’ என்பது ‘பாவம் நான்’ என்று மாறும். அது இன்னும் மோசம், தன்னிரக்கத்தை வாசகர் பொறுக்கவே மாட்டார். ‘நான்’ என்று சொல்கிறவள் யாரிடம், எப்போது, எதற்காகச் சொல்கிறாள் என்றும் நீங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும், மறைப்பதே வேலையாக இருக்கும் ஒருத்தி ஏன் சொல்கிறாள் என்பதற்கும் காரணம் வேண்டும். அவளை ஒட்டி நிற்கும் படர்க்கையிலேயே இருங்கள். ஆனால் ஒரு பயிற்சியாக, அவள் வாய் திறக்காமல் நிற்கும் காட்சியை மட்டும் 300 சொல்லில் ‘நான்’ என்று, அவள் பேச்சுவழக்கிலேயே எழுதிப் பாருங்கள். படர்க்கையில் உங்களுக்கு வராத சில சொற்கள், ஒன்றிரண்டு சாக்குப்போக்குகள், ஒரு வசவு அதில் வந்து விழும். அவற்றை எடுத்துக்கொண்டு, மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘அவள்’ கதைக்குத் திரும்புங்கள்.